பயிற்சிப் பணத்தை எதில் போடுவது? நரம்பியல் அறுவைசிகிச்சை ரெசிடென்ட்களுக்கு ஆண்டுவாரியாக ஓர் ஒப்பீடு

ஒரு நரம்பியல் அறுவைசிகிச்சைத் துறைக்குப் பயிற்சிக்கென்று ஒரு தொகை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துறைக் கூட்டத்தில் மூன்று யோசனைகள் எழும். மூத்த பேராசிரியர் ஒருவர், பிள்ளைகளைக் கடாவர் (தானமாக வந்த இறந்தவர் உடல்) பயிற்சி முகாமுக்கு அனுப்பலாம் என்பார். வெளிநாடு போய்வந்த உதவிப் பேராசிரியர் வி.ஆர். (மெய்நிகர்) சிமுலேட்டர் ஒன்றைச் சொல்வார். மூன்றாவதாக ஒருவர், ஒரு பழைய மைக்ரோஸ்கோப், ஒரு ட்ரில், ஒரு மேசை, இவ்வளவு போதும் என்பார். நான் அந்த மூன்றாவது ஆள். ஆனால் கடைசி ஆண்டு ரெசிடென்டுக்கும் (துறையில் சிறப்புப் பயிற்சி பெறும் மருத்துவர்) இதே பதிலைச் சொல்ல மாட்டேன். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டு முடிவெடுக்கும் துறைகள் பெரும்பாலும் தப்பான பொருளை வாங்குகின்றன. யாருக்கு, எந்த ஆண்டில் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இந்தியாவில் இந்தத் துறைக்குள் வர இரண்டு பாதைகள் உண்டு. எம்.எஸ். பொது அறுவைசிகிச்சை முடித்துவிட்டு மூன்று ஆண்டு எம்.சிஎச். (உயர்சிறப்பு அறுவைசிகிச்சைப் பட்டம்) படிக்கலாம், எம்.பி.பி.எஸ். முடித்து நேராக ஆறு ஆண்டும் படிக்கலாம். முன்னவர் வரும்போதே முடிச்சுப் போடத் தெரிந்தவர், வயிற்றைத் திறந்து மூடியவர். பின்னவர் சில மாதங்களுக்கு முன்புவரை ஹவுஸ் சர்ஜன். இருவரையும் "முதலாம் ஆண்டு" என்றே அழைக்கிறோம். ஆனால் மண்டையோட்டுக்குள் இருவருமே புதியவர்கள்தான். சொல்லப்போனால், குடலை இழுத்துப் பிடித்துப் பழகிய கைக்கு, மூளையை இழுக்கக் கூடாது என்று மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இவர்களுக்கு இதுவரை நாம் கொடுத்துவந்த பயிற்சி, ஆசிரியர் பக்கத்தில் நிற்பது. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைசிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சாண்டி மான்ட்ரியாலில் கற்றவர், ராமமூர்த்தி நியூகாஸிலில். இருவரும் அங்கே ஆசான்களின் அருகில் நின்று கற்றதை இங்கே கொண்டுவந்து, அதே முறையில் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். அந்த முறைக்கு இன்றுவரை மாற்று கிடையாது. ஆனால் தியேட்டரில் ரெசிடென்டின் கைக்கு எது வரும் என்பது அன்றைக்கு யார் அட்மிட் ஆனார் என்பதைப் பொறுத்தது. ஒருவருக்கு முதல் மாதத்திலேயே பத்துத் தலைக்காயம் கிடைக்கும். இன்னொருவர் வார்டிலும் சி.டி. அறையிலும் அலைந்தே ஆறு மாதம் கழித்துவிடுவார். அந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புவது என்பதுதான் நம் கேள்வி.

முதல் இரண்டு ஆண்டுகள்

முதலாம் ஆண்டு ரெசிடென்டுக்கு அவசரமாகத் தேவைப்படும் முதல் திறமைக்குக் கருவியே வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு விபத்தில் அடிபட்டவரைப் பரிசோதித்துவிட்டு, வீட்டில் தூங்கும் சீனியரை எழுப்பிப் போனில் சொல்வது அது. ஜி.சி.எஸ். என்பது கண், பேச்சு, அசைவு மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல். "சார், ஜி.சி.எஸ். ஒன்பது" என்று சொன்னால் எனக்கு ஒன்றும் தெரியாது. கண் 2, பேச்சு 2, அசைவு 5 என்றாலும் ஒன்பது. கண் 4, பேச்சு 1, அசைவு 4 என்றாலும் ஒன்பது. இரண்டாமவர் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார், ஆனால் வலி வந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோக முடியவில்லை. இருவருக்கும் நான் கேட்கும் அடுத்த கேள்வியே வேறு. கிளாஸ்கோவில் 1974-இல் இந்த அளவுகோலை வகுத்தபோதே மூன்றையும் தனித்தனியாகக் குறிக்கத்தான் சொன்னார்கள். நாம்தான் கூட்டித் தொலைத்துவிடுகிறோம்.

இதற்கான பயிற்சி மிக எளிது. வாரத்தில் ஒரு மாலை, மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட் ஒருவர் சீனியராக நடிக்க, முதலாம் ஆண்டு ரெசிடென்ட் பக்கத்து அறையிலிருந்து போன் செய்ய வேண்டும். கண்மணி அளவு, எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, சி.டி.யில் மூளையின் நடுக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா. இத்தனையும் ஒரு நிமிடத்தில் வர வேண்டும். குடும்பத்தாரிடம் பேசுவதையும் இப்படியே பழக்கலாம். "பிழைச்சிடுவாரா டாக்டர்?" என்ற கேள்வியை முதன்முறையாக ஐ.சி.யூ. வாசலில்தான் எதிர்கொள்ள வேண்டும் என்பதில்லை. அனுபவமுள்ள ஒரு ஸ்டாஃப் நர்ஸ் மனைவியாக நடித்தால், பத்து நிமிடத்தில் ரெசிடென்டின் தடுமாற்றம் எல்லாம் வெளியே வந்துவிடும். இதற்குச் செலவு ஒரு காபி. ஆனாலும் பட்ஜெட் பேசும் கூட்டங்களில் இதை யாரும் எடுப்பதில்லை. வாங்க வேண்டிய பொருள் எதுவும் இதில் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கை வேலை. பர்ர் ஹோல் (மண்டையோட்டில் சிறு துளை) போடுவது, எக்ஸ்ட்ராடியூரல் ரத்தக்கட்டுக்கு (மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே தேங்கும் ரத்தம்) மண்டையோட்டைத் திறப்பது, ஈ.வி.டி. (மூளைக்குள் தேங்கும் நீரை வெளியேற்றும் குழாய்) வைப்பது. இந்தக் கட்டத்தில் மூன்று வழிகளும் நேருக்கு நேர் மோதுகின்றன.

ட்ரில்லுக்கு நான் தேங்காயைத்தான் சொல்வேன். ஓட்டைத் துளைத்து, உள்ளே பருப்பு கிழியாமல் நிறுத்தப் பழகினால் கைக்கு அடிப்படை வந்துவிடும். பிரேசிலிலும் தேங்காயை வைத்து மண்டையோடு திறக்கும் பயிற்சியை முறையாகச் செய்து எழுதியிருக்கிறார்கள். அடுத்த படி பச்சை முட்டை: டைமண்ட் பர்ரால் (வைரத்தூள் பதித்த ட்ரில் முனை) மேலோட்டை மட்டும் செதுக்கி எடுத்து, அடியிலுள்ள சவ்வைக் கிழிக்காமல் விட வேண்டும். ஒரு தட்டு முட்டை முடிவதற்குள் ஒருவரின் கை அழுத்தம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒன்றை மட்டும் தேங்காயும் முட்டையும் சொல்லித்தராது. மண்டையோட்டைத் துளைக்கும், தானாக நிற்கும் பெர்ஃபரேட்டர், எலும்பின் எதிர்ப்பு அற்றுப்போனதும் கிளட்ச் விடுபட்டு நின்றுவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். சாய்த்துப் பிடித்தாலோ, ஆட்டினாலோ, பாதி போட்ட துளையில் மறுபடி வைத்தாலோ அது நிற்காமல் உள்ளே இறங்கக்கூடும். செங்குத்தாக, ஒரே அழுத்தத்தில் பிடிப்பதை ஆட்டுத் தலையில் பழக்குவது நல்லது. கறிக்கடையில் சொல்லிவைத்தால் தலை கிடைக்கும். எலும்பு, டியூரா (மூளையின் வெளியுறை), மூளை மூன்றும் உண்மையானவை. மண்டையோடு குறுகல், முன்பக்க சைனஸ் பெரிது என்பதால் இடங்களைக் கற்க அது உதவாது, தொடுஉணர்வுக்கு உதவும். பயன்படுத்திய ட்ரில் முனையும் கருவிகளும் ஒருபோதும் தியேட்டருக்குத் திரும்பக் கூடாது, மிச்சம் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குள் போக வேண்டும். இந்த இரண்டையும் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைக்க வேண்டும்.

ஈ.வி.டி. விஷயத்தில் சிமுலேட்டர் ஆதரவாளர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. குழாய் நுழையும் இடமான கோக்கர் புள்ளி என்பது மூக்கின் வேரிலிருந்து 10 முதல் 11 செ.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து 2.5 முதல் 3 செ.மீ. தள்ளி. அங்கிருந்து குழாய் மண்டையோட்டுக்குச் செங்குத்தாக, சுமார் 6 செ.மீ. ஆழத்துக்குள் வெண்ட்ரிக்கிளில் (மூளைக்குள் இருக்கும் நீர் அறை) போய் நிற்க வேண்டும். எண்களை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஒரு பக்கம் அமுங்கி, நகர்ந்துபோன வெண்ட்ரிக்கிள் என்றால் கை எங்கே போவது? சிகாகோவில் உருவான இமர்சிவ்டச் போன்ற சிமுலேட்டர்கள் அப்படிப்பட்ட பல தலைகளை அடுத்தடுத்துக் கொடுக்கும். கத்தீட்டர் (அந்தக் குழாய்) முனை எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்று உடனே சொல்லும். மேசையில் இதற்கு இணையாக ஒன்று செய்ய முடியும்: பிளாஸ்டிக் மண்டையோட்டுக்குள் அகரோஸ் ஜெல், அதற்குள் சாய நீர் நிரப்பிய பலூன். நூறு மில்லி நீருக்கு 0.6 கிராம் அகரோஸ் போட்டால் மூளையின் மென்மைக்கு நெருக்கமாக வரும். பலூனை ஓரமாக நகர்த்திவைத்தால் நகர்ந்த வெண்ட்ரிக்கிள். அளவெடுக்கும் வேலை மட்டும் நம்முடையது. சிமுலேட்டர் இருந்தால் மகிழ்ச்சியாகப் பயன்படுத்தலாம். ஈ.வி.டி.க்காக மட்டும் அதை வாங்குவதை நான் ஏற்க மாட்டேன்.

கடாவர் முகாமுக்கு முதலாம் ஆண்டிலேயே ரெசிடென்ட்களை அனுப்புவது என் கணக்கில் மிகப் பெரிய வீண். நானே அப்படி ஒரு முகாமுக்கு ஆரம்பத்தில் போனேன். ஒரு தலையைச் சுற்றிப் பதினொரு பேர் நின்றோம். ட்ரில் என் கையில் இருந்தது சில நிமிடங்கள். எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் சான்றிதழோடு திரும்பினேன். உடலைத் தானம் கொடுத்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நாம் செய்த அநியாயம் அது என்று பிற்பாடுதான் உறைத்தது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நடுவழி கண்டார்கள். நரம்பியல் அறுவைசிகிச்சைப் பேராசிரியர்களின் சங்கம் 2010 முதல், அந்த ஆண்டு சேரும் ரெசிடென்ட்களை வட்டாரவாரியாக ஓரிடத்தில் கூட்டி, வேலை தொடங்கும் நேரத்திலேயே "பூட் கேம்ப்" நடத்துகிறது. ஈ.வி.டி., பர்ர் ஹோல், அவசர முடிவுகள், தகவல் சொல்லும் முறை என்று முதல் ஆண்டுக்குத் தேவையானது மட்டும். நம் மாநிலத்தில் இதைச் செய்வது கஷ்டமே இல்லை. நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்தால் இரண்டு நாள் போதும்.

ஒரே நாளா, நான்கு வாரமா

மேசைப் பக்கம் நான் சாய்வதற்குப் பெரிய காரணம் ஒரு ஆய்வு. 2006-இல் டொரான்டோ குழு ஒன்று 38 இளநிலை அறுவைசிகிச்சை ரெசிடென்ட்களை இரண்டாகப் பிரித்தது. நுண் ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கும் நான்கு வகுப்புகள். ஒரு பிரிவுக்கு நான்கையும் ஒரே நாளில் முடித்தார்கள், இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம். ஒரு மாதம் கழித்து உயிருள்ள எலியின் ரத்தக்குழாயில் தைக்கச் சொல்லிப் பார்த்தபோது, வாரம் ஒன்றாகப் படித்தவர்களின் கை தேறியிருந்தது. ஆசிரியர் நேரம், வகுப்புகளின் எண்ணிக்கை எல்லாம் ஒன்றே. இடையில் விட்ட நாட்கள்தான் வித்தியாசம்.

வார இறுதி முகாம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அது "ஒரே நாள்" பிரிவுதான். டியூட்டி ரூமுக்குப் பக்கத்திலிருக்கும் மேசை "நான்கு வார"ப் பிரிவு. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே தைப்பதில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 10-0 நைலான் இழையின் தடிமன் 0.02 முதல் 0.03 மி.மீ. தலைமுடியைவிட மெல்லியது. முதல் நாள் ஊசியைப் பிடிக்கவே அரை மணி நேரம் ஆகும். பரவாயில்லை. முதலில் கையுறை ரப்பரில் ஒரு கீறல் போட்டுத் தைப்பது, பிறகு சிலிகான் குழாய், பிறகு கோழி இறக்கையில் ஓடும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தமனி. தினமும் இருபது நிமிடம் என்றால் மூன்று மாதத்தில் ஆளே மாறிவிடுவார். இழைக்குச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். தேதி முடிந்து தியேட்டரில் ஒதுக்கிவைக்கும் இழைகளே பயிற்சிக்குப் போதும்.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. நரம்பியல் அறுவைசிகிச்சை நிபுணர் யாஷார்கில் 1967-இல் சூரிக் நகரில் மூளையின் ரத்தக்குழாய்க்கு முதல் பைபாஸ் செய்தார். அதற்கு முன் 1965-66-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பர்லிங்டனில் இருந்த டோனகியின் ஆய்வகத்தில் உட்கார்ந்து, விலங்குகளின் சிறு ரத்தக்குழாய்களைத் தைத்துத் தைத்துப் பழகினார். அப்போதே அவர் சுயமாக அறுவைசிகிச்சை செய்துகொண்டிருந்தவர்.

நடு ஆண்டுகள்

மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் கடாவருக்கு உண்மையான மதிப்பு வருகிறது. மூன்றாண்டுப் படிப்பு என்றால் இரண்டாம் ஆண்டு. இப்போது ரெசிடென்டுக்கு ட்ரில் பிடிக்கத் தெரியும், டெரியோனல் வழியாக (கன்னப்பொறிப் பக்கமாக) மண்டையோட்டைத் திறந்து மூடத் தெரியும். ஆனால் மண்டையோட்டின் அடியிலுள்ள ஆன்டீரியர் கிளினாய்டு எலும்பைச் செதுக்கும்போது பார்வை நரம்பு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, முதல் கழுத்தெலும்பின் மேல் வெர்டிப்ரல் தமனி எப்படி வளைகிறது, நெற்றியைத் தூக்கும் முகநரம்புக் கிளை கொழுப்பின் எந்த அடுக்கில் ஓடுகிறது என்பதெல்லாம் படத்தில் மனப்பாடம் ஆவதல்ல. அமெரிக்காவின் கெய்ன்ஸ்வில்லில் ஆல்பர்ட் ரோட்டன் பல பத்தாண்டுகள் செய்தது இதுதான்: தமனியில் சிவப்பு, சிரையில் நீலம் என்று சிலிகான் நிரப்பிய தலைகளை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். அந்தப் படங்களை மட்டும் பார்த்தவருக்கும் ஒரு பக்கத்தையாவது தானே பிரித்துப் பார்த்தவருக்கும் தியேட்டரில் வித்தியாசம் தெரிகிறது.

ஆனால் கடாவர் எது இல்லை என்பதும் தெரிய வேண்டும். ஃபார்மலினில் ஊறிய மூளை விறைப்பாக இருக்கும், விலக்கினால் அப்படியே நிற்கும். உயிருள்ள மூளை அப்படி நிற்காது. உறையவைத்துக் கரைத்த தலை என்றால் நேர் எதிர்: தோலும் தசையும் அருமை, மூளை குழைந்துவிடும். ரத்தம் இல்லை, துடிப்பு இல்லை. ஆர்க்கன்ஸாவில் எமாத் அபூத் தமனிகளிலும் சிரைகளிலும் நிற நீரைப் பம்ப் வைத்து ஓட்டி, "உயிருள்ள கடாவர்" என்ற முறையை 2002-இல் வெளியிட்டார். வெட்டினால் கசியும், கிளிப் போட்டால் நிற்கும். ரத்தக்குழாய் கிழிந்தால் என்ன செய்வது என்பதை இதைவிட நன்றாகப் பழக்கும் முறையை நான் அறியேன். இதற்கு ஆட்களும் நேரமும் வேண்டும். நம் பெரும்பாலான கல்லூரிகளுக்கு இப்போதைக்கு எட்டாது. டெல்லி எய்ம்ஸில் இருப்பதுபோல நரம்பியல் அறுவைசிகிச்சைக்கென்றே தனித் திறன் பயிற்சிக்கூடம் நடத்தும் இடங்களை இதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆகவே முகாமுக்குப் பணம் கட்டும் முன் நான் கேட்பது இரண்டே கேள்விகள்தான். ஒரு தலைக்கு எத்தனை பேர்? இரண்டுக்கு மேல் என்றால் வேண்டாம். போகிறவர் மேசையில் குறைந்தது மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறாரா? இல்லையென்றால் அடுத்த ஆண்டு போகட்டும்.

முதுகெலும்புக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஆட்டின் இடுப்புப் பகுதி முதுகெலும்பில் லேமினெக்டமி (முதுகெலும்பின் பின்தகட்டை எடுப்பது) பழகலாம். பெடிக்கிள் ஸ்க்ரூவுக்கு (முதுகெலும்பில் போடும் திருகு) முப்பரிமாணத்தில் அச்சடித்த மாதிரி போதும்.

கடைசி ஆண்டுகள்

சீனியர் ரெசிடென்டுக்கு ஆய்வகம் தேவையில்லை, தியேட்டரே போதும் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். அனியூரிசம் (ரத்தக்குழாய்ச் சுவரில் பைபோல் புடைக்கும் வீக்கம்) வேலை அந்த எண்ணத்தை மாற்றியது. 2002-இல் வெளியான ஐசாட் ஆய்வு 2143 நோயாளிகளில், தலையைத் திறந்து போடும் கிளிப்பையும் ரத்தக்குழாய்க்குள் கத்தீட்டரை விட்டு வைக்கும் காயிலையும் (கம்பிச்சுருள்) ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் காயில் வைத்தவர்களில் கூடுதலானோர் பிறர் துணையின்றி வாழ்ந்தார்கள். நோயாளிகளுக்கு நல்ல செய்தி. ஆனால் திறந்து கிளிப் போடும் வாய்ப்புகள் குறைந்தன, கத்தீட்டர் வழி செல்ல முடியாத சிக்கலானவை மட்டும் தியேட்டருக்கு வருகின்றன. எளிதான அனியூரிசத்தில் பழகாமலே ஒருவர் கடினமானதை எதிர்கொள்ள வேண்டிய நிலை.

இங்கே நான் பலமாகப் பரிந்துரைப்பது நஞ்சுக்கொடி (பிளசென்டா). பிரசவ வார்டில் அது மஞ்சள் பைக்குத்தான் போகிறது. அதன் மேற்பரப்பில் ஓடும் தமனிகளும் சிரைகளும் அளவிலும் சுவரின் மென்மையிலும் மூளையின் ரத்தக்குழாய்களுக்கு நெருக்கமானவை. மேலே படர்ந்த சவ்வை உரித்துக் குழாயை விடுவிப்பது, சில்வியன் பிளவில் (மூளையின் பக்கவாட்டுப் பள்ளம்) அரக்னாய்டு என்ற மெல்லிய சவ்வைப் பிரிக்கும் உணர்வைத் தரும். கத்தீட்டர் வழியாகச் சாய நீரை ஓட்டி, ஒரு கிளையை ஊதவைத்து அனியூரிசம் செய்து, கிளிப் போட்டுப் பார்க்கலாம். பிரேசிலில் இதை ஒரு பாடத்திட்டமாகவே நடத்தியிருக்கிறார்கள். தாயின் சம்மதம், எச்.ஐ.வி. மற்றும் மஞ்சள்காமாலைப் பரிசோதனை முடிவு, நெறிமுறைக் குழுவின் அனுமதி, இந்த மூன்றும் வாங்கிய பிறகே தொட வேண்டும். உயிருள்ள எலியில் தைப்பது இதைவிட உண்மையானது, ஏனென்றால் தப்பாகத் தைத்தால் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் விலங்கு நெறிமுறைக் குழு, கால்நடை மருத்துவர், விலங்குக் கூடம் எல்லாம் வேண்டும். ஏற்கனவே விலங்குக் கூடம் உள்ள கல்லூரிக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

முப்பரிமாண அச்சுக்கும் இதுவே சரியான கட்டம். நாளை மறுநாள் செய்யப்போகும் நோயாளியின் சி.டி. ஆஞ்சியோவிலிருந்து அந்த அனியூரிசத்தையே அச்சடித்து, எந்தக் கோணத்தில் எந்தக் கிளிப் என்று இன்றே வைத்துப் பார்க்க முடியும். முதலாம் ஆண்டுக்கு அச்சடித்த மண்டையோட்டைக் கொடுக்கும்போது மட்டும் கவனம்: மலிவான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ட்ரில்லின் சூட்டில் உருகி ஒட்டும், எலும்பு ஒருநாளும் அப்படிச் செய்யாது.

வி.ஆர். பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் உருவாக்கிய நியூரோடச் வகைக் கருவியில், மான்ட்ரியால் குழு 50 பேரை 250 முறை கட்டி நீக்கும் பயிற்சி செய்யவைத்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டது. கை அசைவின் எண்களை மட்டும் வைத்து, இவர் நிபுணரா, ரெசிடென்டா, மாணவரா என்று கணினி 90 சதவீதம் சரியாகச் சொன்னது. எனக்கு இதில் பிடித்தது மதிப்பீடுதான். பயிற்சிக்கு அது தரும் தொடுஉணர்வு இன்னும் ஆட்டு மூளைக்கு ஈடாகவில்லை. ஆனால் "நீ தேறிவிட்டாய்" என்று ஆசிரியரின் முகத்தாட்சண்யம் கலக்காமல் ஒரு கருவி சொல்லுமானால் அதற்கு விலை உண்டு. ஒரு துறை தனியாக வாங்க வேண்டாம், மாநில அளவில் ஓரிடத்தில் வைத்து எல்லோரும் ஆண்டுக்கு இரண்டு முறை போய் உட்காரலாம். அதுவரை, மைக்ரோஸ்கோப் கேமராவில் எடுத்த வீடியோவைப் பெயர் தெரியாமல் வேறு கல்லூரிப் பேராசிரியரிடம் அனுப்பி மதிப்பெண் வாங்கலாம்.

சரி, கூட்டத்துக்குத் திரும்புவோம். ஆறாண்டு ரெசிடென்ட்கள் உள்ள துறையாக இருந்தால் பத்து ரூபாயில் ஆறை மேசைக்கு ஒதுக்குவேன்: தியேட்டரிலிருந்து ஓய்வு பெற்ற மைக்ரோஸ்கோப், ட்ரில், இரண்டு ஜோடி நுண்கருவிகள், மாதாமாதம் வாங்கும் கோழி இறக்கை, முட்டை, ஆட்டுத் தலை. மூன்று ரூபாய், நடு ஆண்டினரை இருவர் இருவராகக் கடாவருக்கு அனுப்ப. ஒரு ரூபாய் அச்சுக்கு. மூன்றாண்டுப் படிப்பு மட்டும் உள்ள துறை என்றால் மேசைக்கு நான்கு, கடாவருக்கு ஐந்து. அவர்களுக்குத் தையல் கை ஏற்கனவே இருக்கிறது, நேரம்தான் இல்லை.

மேசையை எங்கே போடுவது என்பதிலும் நான் பிடிவாதமாக இருப்பேன். கல்லூரிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நான்கு மணிக்குப் பூட்டும் அறையில் வேண்டாம். டியூட்டி ரூமுக்கு அடுத்த அறையில், சாவி ரெசிடென்ட்களிடம். சி.டி. எடுக்கப் போன நோயாளி திரும்பிவரும் அந்த இருபது நிமிடத்தில் நான்கு தையல் போட்டுவிட முடியும்.